நீதவான் என்ன சொன்னவர், மிஸ்?

தீர்ப்பை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றுவதற்கு எனக்குச் சத்தியப்பிரமாணமும் முத்திரையும் தந்திருக்கிறார்கள். அதை விளங்கச் சொல்லுவதற்கு மட்டும் ஒருவரும் ஒன்றும் தரவில்லை.

இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். திருகோணமலையில், துறைமுகக் காற்று நேரே வந்து கடதாசியைக் கிளப்புகிற ஒரு மாடி அறை. அதில் பாதி எனக்கு, பாதி நொத்தாரிசு சவிரிமுத்துவுக்கு. நடுவில் எல்லையாக ஒரு அலுமாரி. அவர் காணி உறுதி எழுதுவார். நான் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வருகிற வழக்குக் கடதாசிகளைத் தமிழாக்குவேன். கீழே தெருவில் மான்கள் திரியும், மாடிப்படியில் சனம் ஏறும். வருகிற சனம் முதலில் கேட்கிற கேள்வி, "நீதவான் என்ன சொன்னவர், மிஸ்?" என்பதுதான். நீதவானுக்கு நேரே நின்று, தங்கள் தீர்ப்பைத் தங்கள் காதால் கேட்டுவிட்டு வந்தவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள். இதிலேயே எனக்குப் பாதிக் கோபம் வந்துவிடும். மிச்சப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோட்டு வாசலில், அதாவது நீதிமன்ற வாசலில், ஒரு நாளாவது வெயில் காய்ந்தவர் என்றால் நீங்களும் என் கட்சிதான். ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறேன், எந்தக் கோடு என்றும் சொல்லமாட்டேன். அவர்கள் சொன்ன சொற்களில் மட்டும் கை வைக்கவில்லை.

எத்தனை வீதம்?

தையல்கடைச் சண்முகம் அண்ணை ஒரு பெட்டி மஸ்கற் இனிப்போடு வந்தார். பக்கத்துக் காணிக்காரர் கட்டிய மதில் இவருடைய கடையின் பின் யன்னலை மூடிவிட்டது. வெளிச்சம் இல்லாமல் ஊசியில் நூல் கோர்க்க ஏலாது என்று வழக்குப் போட்டிருந்தார். "வழக்குத் தள்ளுபடியாம் மிஸ். எத்தினை வீதம் எண்டுதான் தெரியேல்ல. வாசிச்சுச் சொல்லுங்கோ," என்றார். பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அது பெருநாள் மாதம். பெரிய தெருவில் புடவைக்கடை ஒவ்வொன்றிலும் "தள்ளுபடி" என்று முழ எழுத்தில் பதாகை தொங்கியது. அந்தப் பதாகைகளுக்குக் கீழாலேயே நடந்து கோட்டுக்குப் போய், அதே சொல்லைக் கேட்டு, சந்தோசமாக இனிப்பு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அவருடைய லோயர் வேறொரு வழக்குக்காகப் பக்கத்துக் கட்டடத்துக்கு ஓடிவிட்டாராம்.

"அண்ணை, உங்கட வழக்கை எடுக்கேல்ல. மதில் அப்பிடியேதான் நிக்கும்," என்றேன். மஸ்கற் பெட்டியை என் மேசையில் வைப்பதா திருப்பிக் கொண்டுபோவதா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். இருபத்தைந்து வருடமாகச் சட்டை தைக்கிற மனிதர். அளவு பிழைத்தால் தானே பிரித்துத் திரும்பத் தைத்துக் கொடுக்கிறவர். அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டு நான் தீர்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல்வரைக்கும் போனவர் திரும்பிச் சொன்னார்: "கோட்டுப் படியால தள்ளிவிட்டது எண்டு நேரா எழுதலாமே, மிஸ்!"

ஒத்திவைத்த மறியல்

கணபதிப்பிள்ளை ஐயா கந்தளாயில் வயல் செய்கிறவர். ஒரு காலை மாடிப்படி ஏறி வந்து, கையிலிருந்த பையைக் காலடியில் வைத்துவிட்டு, "ஒரு பெட்டிசம் எழுதவேணும், மிஸ்," என்றார். ஆருக்கு என்று கேட்டேன். "கோட்டுக்குத்தான். என்னைக் கெதியாக் கூப்பிடச் சொல்லி." பை திறந்து கிடந்தது. இரண்டு சாரம், ஒரு துவாய், ஒரு சவர்க்காரக் கட்டி, முழங்காலுக்குப் பூசுகிற தைலம். எங்கே பயணம் என்று கேட்டேன். "பயணம் ஒண்டும் இல்லை. எந்த நாளும் ஆயத்தமா இருக்கவேணும்தானே," என்றார்.

வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பக்கத்து வயல்காரரை மண்வெட்டிப் பிடியால் அடித்துக் கையை முறித்திருக்கிறார். கோட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இரண்டு வருட மறியல், அது ஐந்து வருடத்துக்கு ஒத்திவைப்பு என்று தீர்ப்பு. அதாவது, ஐந்து வருடம் வேறு குற்றம் செய்யாமல் இருந்தால் சிறைக்குப் போகவே தேவையில்லை. ஆனால் ஐயாவுக்கு "ஒத்திவைப்பு" என்றால் தெரிந்தது ஒன்றுதான். வழக்கை ஒத்திவைத்தார்கள், பிறகு கூப்பிட்டார்கள். திரும்ப ஒத்திவைத்தார்கள், திரும்பக் கூப்பிட்டார்கள். இப்போது மறியலை ஒத்திவைத்திருக்கிறார்கள், அதற்கும் கூப்பிடுவார்கள். அவர் காத்திருந்தார். விதைத்துவிட்டு உள்ளே போனால் அறுக்க ஆளிருக்காது என்று வயலைத் தம்பியிடம் விட்டார். மகளுக்கு நல்ல இடம் ஒன்று கேட்டு வந்தபோது, "நான் உள்ளுக்கு இருக்கேக்க கலியாணம் வைக்க ஏலாது. போட்டு வந்து செய்வம்," என்று சொல்லிவிட்டார். அந்த மாப்பிள்ளை இரண்டு வருடம் பார்த்துவிட்டு வேறு இடத்தில் கட்டினான். இப்போது மகளுக்கு இன்னொரு இடம் சரிவந்திருக்கிறது. இதுவும் கைவிட்டுப் போகாமல், முதலே மறியலுக்குப் போய் முடித்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் பெட்டிசம்.

தீர்ப்பின் திகதியைப் பார்த்தேன். ஐந்து வருடம் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. "ஐயா, நீங்கள் ஒரு இடமும் போகத் தேவையில்லை. எல்லாம் முடிஞ்சுபோச்சு," என்றேன். ஆறுதலாக மூச்சு விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பையைத் தூக்கி மடியில் வைத்தார், அதன் வாயை மூடினார், திறந்தார், திரும்ப மூடினார். உங்களுக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தவில்லையா என்று கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன், அலுமாரிக்கு அந்தப் பக்கம் நொத்தாரிசு எழுதுவதை நிறுத்திவிட்டார். "லோயர் தம்பி சொன்னவர், 'இப்ப போகத் தேவையில்லை' எண்டு. 'இப்ப' எண்டுதான் சொன்னவர்," என்றார். பிறகு அவசரம் இல்லாமல் கேட்டார்: "அப்ப அஞ்சு வருசமும் நான் மறியலிலதான் இருந்திருக்கிறன், என்ன மிஸ்?"

எதிரி

குற்றம் சாட்டப்பட்டவரை எங்கள் கோடுகளில் "எதிரி" என்பார்கள். ஆர் எந்தக் காலத்தில் வைத்த சொல்லோ தெரியாது. முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி என்று நம்பர் போட்டு எழுதுவார்கள். நானும் எத்தனையோ ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். எழுதி எழுதி எனக்கு அந்தச் சொல் மரத்துப்போய்விட்டது. இலங்கைத்துறையிலிருந்து பிலோமினா அக்கா வந்த நாளில்தான் அது திரும்பச் சுட்டது.

அவருடைய மகனுக்கு இருபது வயது. காற்பந்து விளையாட்டில் நடந்த அடிபிடியில் இவனையும் சேர்த்து வழக்கு. பிணையில் இருந்தான். வழக்குத் தவணை நாளில் தாயும் மகனும் விடிய முதல் பஸ் பிடித்து வந்து, இரண்டாவது வாங்கில் போய்க் குந்தியிருக்கிறார்கள். மத்தியானம் வரைக்கும் அசையவில்லை. பிறகு "எங்கட வழக்கு எப்ப எடுப்பினம்?" என்று கேட்டபோது, "கூப்பிட்டு ஆளில்லை, பிடியாணை போட்டாச்சு," என்று பதில் வந்திருக்கிறது. ஓடி வந்து என் படியில் ஏறினார்கள். பிடியாணை என்றால் இப்போதே பிடிப்பார்களா என்று தாய் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் செருப்பைக்கூட மாறிப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். அவர்களுடைய லோயரைச் சாப்பாட்டுக் கடையில் தேடிப் பிடித்து, அரைச் சாப்பாட்டில் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். பின்னேரத்துக்குள் பிடியாணையை மீளப்பெற்றாயிற்று.

வெளியே வரும்போது பொடியனிடம் கேட்டேன்: "ஏன் தம்பி, கூப்பிட்டது கேக்கேல்லையா?" "பேர் ஒழுங்காக் கேக்கேல்ல, மிஸ். எதிரி எண்டு மட்டும் கேட்டது. ஆரையோ எண்டு இருந்திட்டன்," என்றான். அவர்களுடைய ஊர் யுத்தகாலத்தில் அந்தச் சொல்லை ஒலிபெருக்கியில் கேட்டு, அதற்காகவே சட்டி பானையோடு இடம்பெயர்ந்த ஊர். நான் பொடியனை ஏச வாயெடுத்தேன். பிலோமினா அக்கா குறுக்கே வந்தார்: "அவன் ஒருத்தருக்கும் எதிரி இல்லை, மிஸ். பிறகு என்னெண்டு எழும்புவான்?"

வழி தெரிந்த தீர்ப்பு

ஹனீபா நானா குறிஞ்சாக்கேணியில் இருந்து வந்தார். சுனாமியில் கடல் வந்த வருடத்துக்குப் பிறகு அங்கே குடிமாறியவர். அதற்கு முதல் அவருடைய வீடு கடற்கரைப் பக்கம். வீடு போனாலும் காணி இருந்தது, வாப்பா வைத்த தென்னைகளில் நாலைந்து மிஞ்சியிருந்தன. அவர் கொண்டுவந்த கடதாசி ஆங்கிலத்தில் இருந்தது. "ஆரோ காணிக்கு வழக்குப் போட்ட மாதிரி இரிக்கி, தங்கச்சி. எப்ப கோட்டுக்கு வரச் சொல்லி இரிக்கி எண்டு பாருங்க," என்றார். பார்த்தேன். வரச் சொல்லி ஒன்றும் இருக்கவில்லை. வழக்கு விசாரித்து முடிந்து, காணி மற்றவருக்கு என்று தீர்ப்பும் எழுதியாயிற்று. நானா வராததால் மற்றவர் சொன்னதை மட்டும் கேட்டு எழுதிய தீர்ப்பு. இதற்கு "ஒருதரப்பு" என்று பெயர். கையில் கிடைத்துப் பதினான்கு நாளுக்குள் போய், "எனக்கு அறிவிக்கவில்லை" என்று மனுக் கொடுத்தால் அதை நீக்கலாம். எப்போது கிடைத்தது என்று கேட்டேன். "பதினேழு பதினெட்டு நாள் ஆகும். அரசாங்க இலச்சினை இரிக்கிதே எண்டு அலுமாரியில பத்திரமா வச்சிட்டன். மகள் மாசம் முடிய லீவில வருவா, வாசிப்பா எண்டு." மகள் மட்டக்களப்பில் படிக்கிறாளாம். வந்து வாசித்துப் பார்த்து, காணி வழக்கு என்பதற்கு மேல் விளங்காமல், உடனே மிஸ்ஸிடம் போங்கள் வாப்பா என்று அனுப்பியிருக்கிறாள்.

வழக்குக் கோவையின் பிரதி எடுத்துப் பார்த்தோம். அழைப்பாணை கொண்டுபோனவர் சத்தியக்கடதாசி கொடுத்திருக்கிறார். அழைப்பாணை கொண்டுபோகிறவர்களைச் சனம் இன்னும் பிஸ்கால் என்றுதான் சொல்லும். ஆளைக் காணாததால் வீட்டின் பிரதான கதவில் ஒட்டியதாக அதில் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த நாள் நானாவோடு பஸ் ஏறி அந்தக் காணிக்கே போனேன். மூன்று சீமெந்துப் படி. ஒரு கிணறு. படி ஏறினால் அந்தப் பக்கம் மணல். கதவு என்ன, கதவு பூட்டுவதற்கு ஒரு சுவர்கூட அங்கே இல்லை. நான் தொலைபேசியில் படம் எடுத்தேன். படியை, கிணற்றை, மணலை என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். லோயர் அந்தப் படங்களை வைத்து மனுப் போட்டார். பதினான்கு நாள் தாண்டிவிட்டது என்று மனுவை எடுக்கவில்லை. கதவு இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கு ஒருவரும் வரவே இல்லை.

அந்தக் கட்டளையையும் நான்தான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது பேனை கடதாசியைக் கிழித்தது. நானா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவருக்குக் காணி போனதைவிட வேறொன்றுதான் கொதித்துக்கொண்டிருந்தது. தீர்ப்பைக் கொண்டுவந்தவன் குறிஞ்சாக்கேணிப் புது வீட்டுக்கு, சரியான ஒழுங்கைக்கு, சரியான படலைக்கு வந்து, அவர் கையிலேயே கொடுத்திருக்கிறான். "பாருங்க தங்கச்சி," என்றார், "வா எண்டு கூப்பிட வழி தெரியாதவனுக்கு, தோத்திட்டாய் எண்டு சொல்ல மட்டும் வழி தெரிஞ்சிரிக்கி."

ஏககாலம்

மற்றவர்களைத்தான் ஏசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். இது என்னுடைய வெட்கம்.

சுபாஷினி என்று ஒரு பெண். கணவன் பாழடைந்த கட்டடம் ஒன்றிலிருந்து இரும்புக் கம்பி எடுத்ததற்காக மறியலுக்குப் போயிருந்தான். இரண்டு குற்றச்சாட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வருடம். இரண்டையும் ஒன்றாக அனுபவிக்கலாம் என்பது தீர்ப்பு. ஆகவே ஒரு வருடத்தில் ஆள் வீட்டில். நல்ல செய்திதான். ஒரு வெள்ளிக்கிழமை நான் அதை, "தண்டனைகள் ஏககாலத்தில் அனுபவிக்கப்படல் வேண்டும்" என்று எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரை குத்திக் கொடுத்தேன். அவள் படலையடியில் காத்துநின்ற முச்சக்கரவண்டிக்கு அவசரப்பட்டாள், எனக்கும் வேறு வேலை இருந்தது. வாயால் ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லை. சொல் சரி, எந்த அகராதியிலும் சரி. எழுதி முடித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை வந்தாள். கண் வீங்கியிருந்தது. சின்னப்பிள்ளை இடுப்பில். அக்கம்பக்கத்தில் வாசித்துக் காட்டக் கேட்டிருக்கிறாள். வாசித்தவர்கள், ஏககாலம் என்றால் காலம் முழுக்க, ஆயுள் தண்டனை என்று முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டு நாள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மூத்த பிள்ளையிடம், "அப்பா இனி வரமாட்டார்," என்று சொல்லியும் விட்டாள். பிள்ளை கேட்ட கேள்விகளை அவள் எனக்குச் சொன்னாள், அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. "ஐயோ பிள்ளை, ஒரு வருசம்தான். ரெண்டும் சேர்த்து ஒரே வருசம்," என்று சொன்னேன். கதிரையில் இருக்கச் சொன்னேன், தண்ணி கொடுத்தேன். அவள் தண்ணியைத் தொடவில்லை. முதலில் விளங்காமல் பார்த்தாள், விளங்கியதும் எழும்பினாள். கடதாசியை என் மேசையில் வைத்து, அந்தச் சொல்லில் விரலை வைத்துக் கேட்டாள்: "சேர்த்து எண்டு எழுதியிருந்தா உங்கட முத்திரை அழிஞ்சுபோயிருக்குமோ, மிஸ்?"

நிசி

விவாகரத்துத் தீர்ப்பு எங்கள் நாட்டில் இரண்டு தரம் வரும். முதல் வருவது "நிசி". இலத்தீன் சொல், "இல்லாவிட்டால்" என்று பொருள். மூன்று மாதம் பொறுத்திருந்து, தடையொன்றும் இல்லாவிட்டால், அதை முடிவான தீர்ப்பாக்கவேண்டும். நிலாவெளியில் ஒரு விடுதிக் குசினியில் வேலை செய்கிற வசந்திக்கு இது ஒன்றும் தெரியாது. அடித்துத் துன்பப்படுத்திய மனிதனை விட்டு விலகுவதற்கு வருடக்கணக்காகக் கோடு ஏறினாள். கடைசி நாளில் லோயர், "எல்லாம் முடிஞ்சுது தங்கச்சி, சந்தோசமாப் போங்கோ," என்றார். போனாள். இரண்டு வருடம் கழிய, தச்சு வேலை செய்கிற ஒரு நல்ல மனிதன் கேட்டு வந்தான். கலியாண அட்டை அடித்து ஊருக்குக் கொடுத்துவிட்டு, பதிவுகாரரிடம் அறிவித்தல் கொடுக்கப் போனார்கள். அவர் கடதாசியை வாசித்துவிட்டு, "இது நிசி. நீங்கள் இன்னும் பழைய மனிசன்ர பெண்சாதிதான்," என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னார்.

அவள் என்னிடம் வந்தாள், நான் அவளைக் கூட்டிக்கொண்டு அந்த லோயரிடம் போனேன். போகிற வழியெல்லாம் என்ன என்ன கேட்பது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். அவர் கோவையைத் தேடி எடுத்து, தூசி தட்டி, "ஓ, இது முடிவாக்கேல்ல போல. நீங்களாவது ஒருக்கா வந்து கேட்டிருக்கலாமே," என்றார். பிறகு அவர் மனுப் போட்டு, சில கிழமைகளில் முடிவான தீர்ப்பு வந்தது. தச்சு வேலைக்காரர் பொறுமையாக இருந்தார், புது அட்டையும் அடித்தார்கள். கலியாணத்துக்கு நானும் போய்ச் சாப்பிட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த அறையில், நான் அடுக்கிய கேள்விகளைத் தொடங்க முதலே, அதுவரை ஒரு சொல் கதைக்காத வசந்தி லோயரின் முகத்தை நேரே பார்த்துக் கேட்டாள்: "நிசி எண்டா நடுச்சாமம் எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சனான், சேர். விடியப்பண்ண வேண்டியது ஆரின்ர வேலை?"

சுவரில் ஒரு தாள்

அதற்குப் பிறகு நான் ஒரு வேலை செய்தேன். கோட்டில் அடிக்கடி விழுகிற முப்பது சொற்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது ஆளுக்கு என்ன செய்யும் என்று சாதாரணக் கதையில் எழுதினேன். பெரிய எழுத்தில் அடித்து, படியேறி வருகிறவர்கள் கண்ணில் படுகிற சுவரில் ஒட்டினேன். கடைசி வரியில், "விளங்காவிட்டால் திரும்பக் கேளுங்கள், கேட்பது குற்றம் அல்ல" என்று போட்டேன். ஒரு கிழமைக்குள் சனம் அதைத் தொலைபேசியில் படம் எடுத்து ஊர் ஊராக அனுப்பிவிட்டது. மூதூரில் இருந்து ஒரு கிளார்க் கூப்பிட்டு இன்னும் நாலு சொல் சேர்க்கச் சொன்னார்.

பிறகு ஒரு சட்டத்தரணி வந்தார். வயதானவர். பெயர்ப்பலகையில் இன்னமும் பழைய முறைப்படி "நியாயதுரந்தரர்" என்று எழுதி வைத்திருக்கிறவர். அந்தச் சொல்லை முழுசாக வாசித்து முடிப்பதற்குள் கட்சிக்காரருக்கு மூச்சு வாங்கும். அவர் கதிரையில் இருக்கவில்லை, நின்றபடியே கதைத்தார். நான் செய்வது சட்ட ஆலோசனை என்றார், எனக்கு அதற்கு உரிமை இல்லை என்றார், தாளை இன்றைக்கே கழற்றாவிட்டால் என் முத்திரையைப் பறிக்கச் சொல்லி எழுதுவதாகவும் சொன்னார். நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: இதில் எந்தச் சொல்லுக்கு நான் எழுதியது பிழை? அவர் தாளின் மேலிருந்து கீழ் வரைக்கும் வாசித்தார். "பிழை எண்டு நான் சொல்லேல்ல. எல்லாருக்கும் எல்லாம் விளங்கினா கோட்டுக்கு என்ன மரியாதை, பிள்ளை?" என்றார். எனக்கு உச்சி கொதித்தது. "விளங்காததுக்குப் பெயரோ ஐயா மரியாதை? நான் கழற்றமாட்டன். நீங்கள் எழுதுங்கோ," என்றேன். என் குரல் எனக்கே பிடிபடவில்லை. சாட்சிக்கு வேண்டும் என்று சொல்லி, தாளை ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

எழுதினாரா என்று தெரியாது. இன்றுவரை கடிதம் ஒன்றும் வரவில்லை, தாளும் சுவரில்தான் இருக்கிறது. கடல் காற்றில் ஒரு மூலை கிளம்பும், நான் பசை பூசி அமர்த்துவேன். அவர் வந்துபோய் இரண்டு கிழமையில், கோட்டில் இருந்து வந்த நொத்தாரிசு அலுமாரிக்கு அந்தப் பக்கம் நின்று தலையை நீட்டினார். அவர் சிரித்து நான் கண்டது குறைவு. அன்றைக்குச் சிரித்தார்: "சாட்சிக்கு எடுத்த படத்தை வைச்சுத்தான் அந்த நியாயதுரந்தரரின்ர ஜூனியர் பிள்ளை கட்சிக்காரருக்கு விளங்கப்படுத்திக்கொண்டு நிக்குது, மிஸ்."

இருபத்திரண்டு வருடமாக நீதியை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன், மூலப்பிரதிதான் இன்னும் கைக்கு வந்து சேரவில்லை.